பேசினால் மனசு நோய் தீருமா?



குழுக் கூட்டங்களில் மனநலம் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. “காய்ச்சல்னா ஊசி போடறாங்க, மாத்திரை தர்றாங்க. மனசு சரியில்லைன்னு பெரியாஸ்பத்திரிக்குப் போனா, ஒரு மேடம் உக்கார வெச்சுப் பேசிக்கிட்டே இருக்காங்க. பேசறதுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி? நம்ம திண்ணையிலேயே பேசிக்கலாமே?”

நியாயமான கேள்விதான். ஒரு நாள் தறிக் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு, அங்கே என்ன நடக்கிறது, அதனால் என்ன பலன் என்று தெரிந்தாக வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள்.

மனநோய் என்றால் பைத்தியமா?

இல்லை. மனநோயில் பல வகை உண்டு. தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவரை மட்டும் மனநோயாளி என்று நினைக்கிறோம். ஆனால் நம்மிடையே அதிகம் காணப்படுவது மனச்சோர்வும் மனப்பதற்றமும்தான். வெளியில் பார்த்தால் தெரியாது. அந்த அக்கா வேலைக்கும் போவார், சோறும் ஆக்குவார். உள்ளே மட்டும் விளக்கு அணைந்த மாதிரி இருக்கும்.

கீழே உள்ளவற்றில் பல சேர்ந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல் இருந்தால் கவனிக்க வேண்டும்:

* எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, காரணமில்லாமல் அழுகை வருவது
* படுத்தால் தூக்கம் வராதது, அல்லது எந்நேரமும் படுத்தே கிடப்பது
* பசி இல்லாமை, உடம்பு அசதி, தலைவலி, நெஞ்சு படபடப்பு
* “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்ற நினைப்பு
* செத்துவிடலாம் என்ற எண்ணம்

நம் ஊரில் இதற்குச் சொல்லும் பெயர் “ஒரே யோசனையா இருக்கு”. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுப் பெண்களும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்கள் மொழியில் இந்த நோயைக் குறிக்கும் சொல்லுக்கு ‘அளவுக்கு மீறி யோசிப்பது’ என்றுதான் அர்த்தம். ஊர் வேறு, மொழி வேறு, வேதனை ஒன்றுதான்.

திண்ணைப் பேச்சும் சிகிச்சைப் பேச்சும்

திண்ணையில் நாம் பேசுவதும் நல்லதுதான், பாரம் கொஞ்சம் இறங்கும். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தி தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தவுடன், “உனக்காவது பரவாயில்லை, என் கதையைக் கேளு” என்று இன்னொருத்தி தொடங்கிவிடுகிறார். இல்லாவிட்டால், “நீ அனுசரிச்சுப் போயிருக்கணும்” என்று அறிவுரை வரும். மறுநாள் குழாயடியில் அதே சேதி நாலு பேர் வாயில் இருக்கும்.

சிகிச்சைப் பேச்சு அப்படியில்லை. அதற்கு மூன்று கட்டுப்பாடு உண்டு. சொன்னது வெளியே போகாது. பேசும் நேரம் முழுக்க சொல்பவருக்கே உரியது, கேட்பவர் தன் கதையைச் சொல்ல மாட்டார். கடைசியாக, பேச்சுக்கு ஒரு நோக்கமும் வரிசையும் உண்டு. இன்றைக்குப் பேசியதை வைத்து வீட்டில் ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு வர வேண்டும். அடுத்த முறை, செய்ய முடிந்ததா, என்ன ஆனது என்று பார்ப்பார்கள். நம் குழுவில் போன கூட்டத் தீர்மானத்தை இந்தக் கூட்டத்தில் படித்து சரிபார்க்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான்.

பேச்சு எப்படி வேலை செய்கிறது?

ஒரு உதாரணம் பார்ப்போம். இது யாரோ ஒருவரின் கதை இல்லை, நம் பகுதியில் நடக்கக்கூடியதை வைத்துச் சொல்வது.

விசைத்தறி ஓட்டும் ஒரு அக்கா. கணவர் லாரியில் வடநாட்டு லோடு ஏற்றிப் போனால் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். தறிப் பட்டறையில் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. குழுக் கடன் ஒரு பக்கம், தனியார் கம்பெனியின் வாரத் தவணை இன்னொரு பக்கம். நைட் ஷிப்ட் பார்த்துப் பார்த்துத் தூக்கமும் கெட்டது. முதலில் வாசலில் கோலம் போடுவதை விட்டார். பிறகு தங்கச்சி வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு குழுக் கூட்டத்துக்கும் வரவில்லை.

இவரிடம் ஆலோசகர் செய்கிற வேலையை நான்கு படியாகச் சொல்லலாம்.

1. பிரித்துப் பார்ப்பது. “எல்லாமே போச்சுங்க” என்கிறார் அக்கா. எல்லாம் என்றால் எது எது? பட்டறை முன்பணம், வாரத் தவணை, தூக்கம், மகளின் பள்ளிச் செலவு, கணவர் போன் பண்ணாதது. சேமிப்பு, கடன், வட்டி, அபராதம் என்று நாம் கணக்கு நோட்டில் தனித்தனியாக எழுதுகிற மாதிரி இதையும் பிரிக்கிறார்கள். எது இந்த வாரமே கொஞ்சம் சரிசெய்யக்கூடியது, எது உடனே தீராதது என்று பார்க்கிறார்கள். ஒரே மூட்டையாக இருந்தபோது தூக்க முடியாதது, பிரித்து வைத்தால் ஒன்று ஒன்றாகத் தூக்க முடிகிறது.

2. செயலில் இறங்குவது. மனசு சோர்ந்தால் வேலைகளை விடுகிறோம். விட விட மனசு இன்னும் சோர்கிறது. செக்கு மாடு மாதிரி இதே வட்டத்தில் சுற்றுகிறோம். “மனசு சரியானதும் செய்யலாம்” என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. அதனால் ஆலோசகர் சின்னதாக ஒன்றைச் செய்யச் சொல்வார். நாளைக்குக் காலையில் நாலு புள்ளி வைத்து ஒரு கோலம், அவ்வளவுதான். மறுவாரம் தங்கச்சி வீட்டுக்கு ஒரு நடை. முதலில் கை செய்யட்டும், மனசு பின்னாலேயே வரும்.

3. நினைப்பைச் சரிபார்ப்பது. “நான் இருக்கறதே எல்லாருக்கும் பாரம்” என்று அக்கா நினைக்கிறார். “அப்படியெல்லாம் நினைக்காதே” என்று ஆலோசகர் வாயை அடைக்க மாட்டார். “நேத்து ஸ்கூல் விட்டு வந்ததும் உங்க பொண்ணு யாரைத் தேடிச்சு?” என்று கேட்பார். சோர்வில் வருகிற நினைப்பு எல்லாமே உண்மை இல்லை. அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று தானே கேட்டுப் பார்க்கப் பழகுவதுதான் இது. அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மருத்துவர் 1960களில் இந்த முறையை உருவாக்கினார். இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது.

4. துணையைச் சேர்ப்பது. அக்கா சம்மதித்தால் கணவரையோ அம்மாவையோ ஒரு நாள் அழைத்துப் பேசுவார்கள். “சோம்பேறித்தனம்” என்று வீட்டில் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, இது நோய் என்று அப்போதுதான் புரியும்.

இது ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் 6 முதல் 8 தடவையாவது பேச வேண்டியிருக்கும். முதல் தடவை போய்விட்டு, “ஒன்னும் சரியாகலை” என்று விட்டுவிடக்கூடாது.

பெரிய படிப்பு படித்தவர்தான் செய்ய வேண்டுமா?

கோவா மாநிலத்தில் சங்காத் என்ற தொண்டு நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக்கினார்கள். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில், கடுமையான மனச்சோர்வு இருந்த ஏறக்குறைய 500 பேர் இதில் சேர்ந்தார்கள். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப்பேருக்கு அதோடு 6 முதல் 8 தடவை பேச்சு. பேசியதும் மேலே 2ஆவது படியில் சொன்ன செயல்முறையைத்தான். சுகாதார நிலையத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பேசினார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 39 பேர் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். பேச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 100க்கு 64 பேர். இந்த முடிவு 2017ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. பேச்சும் மருந்துதான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இன்னொன்றும் நமக்குப் பொருந்தும். உகாண்டா நாட்டில் 30 கிராமங்களில் 2002ல் ஒரு ஆய்வு நடந்தது. எய்ட்ஸ் நோயால் வீட்டுக்கு வீடு சாவு விழுந்த பகுதி அது. இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், பெண்களுக்குத் தனியாகவும் ஆண்களுக்குத் தனியாகவும் குழு கூட்டினார்கள். வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், 16 வாரம். இழவின் துக்கம், வீட்டுச் சண்டை, வாழ்க்கை தலைகீழானது என்று குழுவாகவே உட்கார்ந்து பேசினார்கள். முடிவில், குழு நடந்த ஊர்களில் சேர்ந்தவர்களில் 100க்கு 7 பேருக்கும் குறைவாகத்தான் மனச்சோர்வு மீதியிருந்தது. குழு நடக்காத ஊர்களில் 100க்கு ஏறக்குறைய 55 பேருக்கு அப்படியே இருந்தது.

உடனே “அப்போ நம்ம குழுவிலேயே சிகிச்சை பண்ணலாமே” என்று கிளம்பிவிடக்கூடாது. அங்கே நடத்தியவர்களுக்குப் பயிற்சி இருந்தது, மேலே கண்காணிப்பும் இருந்தது. பயிற்சி இல்லாமல் பத்து பேர் நடுவில் ஒருத்தியின் மனசைத் திறக்க வைப்பது புண்ணைக் கிளறிவிட்டுக் கட்டுப் போடாமல் விடுவது மாதிரி. நாம் செய்யக்கூடியது வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

குடிக்கிறவருக்கும் பேச்சு உதவுமா?

இது கூட்டத்துக்குக் கூட்டம் வருகிற கேள்வி. கோவாவில் அதே ஆலோசகர்கள் அளவு மீறிக் குடிக்கிற ஆண்களிடமும் பேசினார்கள். அதிகபட்சம் 4 தடவை. மூன்று மாதத்தில், பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 36 பேர் அந்தக் கட்டத்திலிருந்து வெளியே வந்திருந்தார்கள். பெறாதவர்களில் 100க்கு 26 பேர். பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனாலும் அந்தப் பத்துப் பேரும் பத்துக் குடும்பம். பல வருடமாகக் குடித்து, ஒரு நாள் நிறுத்தினாலே கை நடுங்குகிறவருக்குப் பேச்சு மட்டும் போதாது. திடீரென நிறுத்தினால் ஆபத்து, அவரை டாக்டர் பார்க்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணவர் அடிக்கிறார் என்றால், நோய் மனைவியின் மனசில் இல்லை. “கவுன்சிலிங் போய் பொறுத்துக்கப் பழகிக்கோ” என்று அவரை அனுப்பக் கூடாது. அடியைத் தாங்க வைப்பது சிகிச்சையே இல்லை. அதற்கு 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது.

பேச்சு மட்டும் போதாத நேரம்

காதில் இல்லாத குரல் கேட்பது, “சோத்துல விஷம் வெச்சிருக்காங்க” என்று சந்தேகப்படுவது, நாலைந்து நாள் தூங்காமல் அதிவேகமாகப் பேசுவது, பிள்ளை பெற்ற சில நாளில் தாய் நிலை தடுமாறுவது, இவற்றுக்கெல்லாம் முதலில் மாத்திரை தேவை. பேச்சு கூடவே வரும் துணை. கடுமையான மனச்சோர்வுக்கும் மாத்திரை தேவைப்படலாம். நன்றாக இருக்கிறது என்று நாமே மாத்திரையை நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

கோயிலுக்குப் போவதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா?

நம் பக்கத்திலிருந்து குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் 48 நாள் தங்குகிறவர்கள் உண்டு. மந்திரித்துக் கயிறு கட்டுவதும் உண்டு. சாமி கும்பிடுவது மனசுக்குத் தைரியம், அதை விடச் சொல்லவில்லை. கூடவே ஆஸ்பத்திரிக்கும் போங்கள் என்பதுதான் வேண்டுகோள். ஆனால் அடிப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது கூடவே கூடாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது.

நம் குழு என்ன செய்யலாம்?

ஒரு உறுப்பினர் இரண்டு கூட்டம் வரவில்லை, தவணை கட்டவில்லை. நாம் முதலில் என்ன செய்கிறோம்? நாலு பேர் சேர்ந்து போய் அவர் வீட்டு வாசலில் உட்காருகிறோம். பணம் வர வேண்டியது உண்மைதான், மற்றவர் சேமிப்பும் அதில் இருக்கிறது. ஆனால் மனசு உடைந்து கிடக்கிறவர் வாசலில் நாலு பேர் உட்கார்ந்தால், அவர் எந்த முடிவுக்குப் போவார் என்று நமக்குத் தெரியாது. குழுவே ஒருத்திக்குத் துணையாகவும் ஆகலாம், சுமையாகவும் ஆகலாம். அதனால்:

* முதலில் அவருக்குப் பழக்கமான ஒருவர் மட்டும் போங்கள். கடன் பேச்சை அன்றைக்கு எடுக்க வேண்டாம். “கொஞ்ச நாளா உன்னைப் பாக்கவே முடியலியே, எப்படி இருக்கே?” என்று கேளுங்கள்.
* குறுக்கே பேசாமல் கேளுங்கள். அழுதால் அழ விடுங்கள். அறிவுரை வேண்டாம்.
* கேட்டதை யாரிடமும் சொல்லாதீர்கள். ஊக்குநரிடம் சொல்ல வேண்டியிருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.
* ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். 6, 7 தடவை போக வேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு தடவை முறை வைத்துக்கொள்ளலாம். அவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்.
* சிகிச்சை முடியும் வரை அவர் தவணையைத் தள்ளி வைக்கக் குழுவில் பேசித் தீர்மானம் எழுதலாம். தீர்மானத்தில் ‘உடல்நலக் காரணம்’ என்று எழுதினால் போதும்.

சாவைப் பற்றிப் பேசினால்

“நான் போய்ச் சேர்ந்துட்டா நிம்மதி” என்று ஒருவர் சொன்னால் அதைச் சும்மா பேச்சு என்று தள்ளாதீர்கள். “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வரும். அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சி மருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

ஏதாவது குடித்துவிட்டால்கூட, “போலீஸ் கேஸ் ஆயிடும்” என்று பயந்து வீட்டிலேயே வைத்திருந்து உயிரை இழந்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். 2017 சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. பராமரிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

எங்கே போவது?

* 14416: டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் முதலில் இதில் பேசிப் பார்க்கலாம். நேரில் எங்கே போக வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.
* சேலத்தில்: அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு.
* நாமக்கல்லில்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.
* மாவட்ட மனநலத் திட்டம்: தமிழ்நாட்டில் முதலில் 1996-97ல் திருச்சி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். உங்கள் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதுவார். மனநல ஆலோசகரும் உளவியலாளரும் பேச்சு சிகிச்சை தருவார்கள். சீட்டு வாங்கும்போதே, “பேசற டாக்டரையும் பாக்கணுங்க” என்று கேளுங்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் இடத்தில் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிடலாம். பேச்சும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று தெரிந்தவர்தான் கேட்டு வாங்க முடியும்.

இந்த மாதக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் கடந்த மூன்று மாதமாகக் கூட்டத்துக்கு வராதவர் யார்? அவரை யார் போய்ப் பார்ப்பது?
2. ஒரு உறுப்பினர் மனநல சிகிச்சைக்குப் போனால் தவணையை எத்தனை மாதம் தள்ளி வைக்கலாம்?
3. நம் ஊரில் பூச்சி மருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டி வைக்க வழி உண்டா?

முதல் கேள்விக்கு விடை தெரிந்தால், கூட்டம் முடிந்த அன்று சாயங்காலமே போய்ப் பார்த்துவிடுங்கள்.

— களப்பணி ஒருங்கிணைப்பாளர்